மின்சாரம் திரும்பும் வழி

அமெரிக்கச் சாலைகளில் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறிய முகாம் வண்டிகளுக்கு, அதாவது கேம்பிங் ட்ரெய்லர்களுக்கு, பார்ப்பவரைக் குழப்பும் ஒரு கோளாறு வருவதுண்டு. இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலது விளக்கும் மங்கலாகச் சிமிட்டும். பிரேக்கை மிதித்தால் பின் விளக்கு பளிச்சென்று எரியாமல் இன்னும் மங்கிப்போகும். உரிமையாளர் முதலில் செய்வது பல்பை மாற்றுவது. புதுப் பல்பும் அப்படியே நடந்துகொள்ளும். காரணம், பிழை பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. விளக்கை எரித்தபின் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறதே, அந்த வழியில்தான் பிழை இருக்கிறது.

சிறிய ட்ரெய்லர்களைக் காருடன் இணைப்பது பெரும்பாலும் நான்கு முனை கொண்ட தட்டையான பிளக். பழுப்பு வயர் பார்க் விளக்குகளுக்கு. மஞ்சள் இடது பக்கத்துக்கு, பச்சை வலது பக்கத்துக்கு. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் அந்தந்தப் பக்கத்தில் ஒரே வயர்தான். இந்த மூன்றும் கொண்டுபோகிற மின்சாரம் முழுவதும் நான்காவதான வெள்ளை வயர் வழியாகத் திரும்பியாக வேண்டும். நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எர்த் என்று சொல்வது இதைத்தான்.

பின் விளக்கில் இருப்பது 1157 என்ற எண் கொண்ட பல்பு. அதனுள் இரண்டு இழைகள். பார்க் விளக்குக்கு 8 வாட் அளவிலான மெல்லிய இழை, பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஏறத்தாழ 27 வாட் இழை. இரண்டின் மறுமுனையும் பல்பின் உலோக அடிப்பகுதியில் சேர்ந்து எர்த்துக்குப் போகின்றன. இடது விளக்கின் எர்த் மட்டும் அறுந்துவிட்டது என்று கொள்வோம். மஞ்சள் வயரில் வரும் மின்சாரம் பெரிய இழையைக் கடந்து அடிப்பகுதிக்கு வருகிறது. வெளியேற வழியில்லை. பக்கத்திலிருக்கும் மெல்லிய இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பழுப்பு வயரில் ஏறி, மற்ற பார்க் விளக்குகள் வழியாக எர்த்தை அடைகிறது. இத்தனை இழைகளுக்கும் 12 வோல்ட்டைப் பங்கிட்டுக் கொடுப்பதால், சம்பந்தமில்லாத விளக்குகள் மங்கலாக எரிகின்றன.

வெள்ளை வயரே அறுந்தால் கூத்து பெரிது. பழைய முறையில் வயர் இணைத்த கார்களில், மின்சாரம் ட்ரெய்லரின் சேசிஸில் பரவி, வலது விளக்கின் வழியாகப் பச்சை வயரில் பின்னோக்கி ஏறி, காரின் வலது இண்டிகேட்டர் பல்பைத் தொட்டுத் திரும்பும். சில சமயம் காரின் இழுவைக் குண்டும் அதன்மேல் உட்காரும் கொக்கியும் உலோகத்தோடு உலோகம் உரசி எர்த்தாக வேலை செய்துவிடும். அப்போது எல்லாம் சரியாக எரிவதுபோலத் தோன்றும். ஆனால் குண்டில் கிரீஸ் இருப்பதால், சாலையில் குலுங்கும்போதெல்லாம் விளக்குகள் விட்டுவிட்டு எரியும். கொக்கியைக் குண்டிலிருந்து தூக்கியதும் விளக்குகள் அணைந்தால் வெள்ளை வயரில்தான் குற்றம். இதைவிட எளிய சோதனை வேறில்லை.

எர்த் ஏன் கெடுகிறது? ஒரு திருகு சேசிஸில் இறுக்கப்பட்டிருக்கும். அதுதான் முழு இணைப்பும். வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். உப்புநீர் படும் இடத்தில் எஃகும் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு குட்டி மின்கலமே உருவாகிறது, உலோகம் அரிக்கப்படுகிறது. அலுமினியத்தின் மேல் படரும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. வண்டியின் அலுமினியத் தகட்டையே எர்த்தாகப் பயன்படுத்திய பழைய ட்ரெய்லர்களில், பக்கவாட்டு விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது இதனால்தான்.

அந்தத் திருகில் 1 ஓம் தடை சேர்ந்தால் போதும். 2 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைகிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும்: 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் கிடைத்தால், ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

மல்டிமீட்டர் இங்கே நம்மை ஏமாற்றக்கூடும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் துருவேறிய இணைப்பிலும் முழு 12 வோல்ட் காட்டும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிக மிகச் சொற்பம். அதனால் தடையில் வோல்ட் இழப்பே ஏற்படாது. பல்பை எரியவிட்டு, அதன் உலோக அடிப்பகுதிக்கும் பிளக்கின் வெள்ளை முனைக்கும் இடையே அளக்க வேண்டும். நல்ல எர்த்தில் வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு வரலாம். ஒன்று இரண்டு வோல்ட்டே வந்தால் குற்றவாளி சிக்கினான். தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதுத் திருகு போட வேண்டும். அதைவிட நல்லது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து வெள்ளை வயரோடு சேர்ப்பது.

விளக்கையே மாற்றுவதானால் எல்இடி போடலாம். நான் அதையே சொல்வேன். இழை சூடேறி ஒளிர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், எல்இடி உடனே எரியும். 100 கி.மீ. வேகத்தில் பின்னால் வருபவருக்கு இது 5 மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். ஆனால் எல்இடி மிகக் குறைவான மின்சாரத்தையே எடுப்பதால், கெட்ட எர்த்தையும் சில காலம் மறைத்துவிடும். அரிப்பு உள்ளே தொடரும். எனவே முதலில் எர்த்தைச் சரிசெய்துவிட்டே புது விளக்கை மாட்ட வேண்டும்.

ட்ரெய்லரின் சுவரில் மாட்டும் விளக்கு என்றால் மின்சாரத்தோடு வேலை முடிவதில்லை. 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள ட்ரெய்லர்களுக்கு அமெரிக்கச் சட்டம் பின்புற நடுவில் மூன்று சிவப்பு விளக்குகளும், விளிம்புகளில் தனி விளக்குகளும் கேட்கிறது. ஒவ்வொன்றும் தகட்டில் ஒரு துளை. அதன் பின்னால் பெரும்பாலும் மரச்சட்டம். நீர் கசிந்தால் சட்டம் உளுத்துப்போகும், திருகு பிடிக்காது. சிலிக்கானை மேலே அப்புவது எனக்குச் சம்மதமில்லை. அது படிந்த இடத்தில் அடுத்த முறை எதுவும் சரியாக ஒட்டாது. பழைய பசையைச் சுரண்டியெடுத்து, விளக்கின் அடியில் பியூட்டைல் ரப்பர் நாடா வைத்து இறுக்குவதே முறை.

எல்லாம் முடிந்ததும் விளக்குகளைத் தனித்தனியாகப் பார்த்தால் போதாது. பார்க் விளக்கைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதித்தபடி இருக்கச் சொல்லி, அதோடு இண்டிகேட்டரையும் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாச் சுமையும் ஒரே நேரத்தில் எர்த்தின் மேல் விழுவது அப்போதுதான். தனியாக ஒழுங்காக எரிந்த விளக்கு அந்த நேரத்தில் மங்கினால், இன்னும் ஒரு திருகு எங்கோ பாக்கியிருக்கிறது.