புள்ளிகளைப் படிக்கும் தொழில்: தேயிலை மலைகளில் சிறுத்தை ஆய்வு

கடலில் திமிங்கிலச் சுறாவை ஆராயும் உயிரியலாளர்கள் அதன் செவுள்களுக்குப் பின்னால் அமைந்த வெண்புள்ளிகளைப் படமெடுத்து, ஒரு சுறாவை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகின்றனர். வானியலாளர் விண்மீன் படங்களை ஒப்பிடுவதற்கு வகுத்த கணினி வழிமுறையே 2005ஆம் ஆண்டளவில் இவ்வேலைக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்டது. கடலோரமே இல்லாத நுவரெலியா மாவட்டத்திலும் இதே அறிவைத் தொழிலாகக் கொண்டோர் உள்ளனர். அவர்கள் படிப்பது சிறுத்தையின் தோலில் உள்ள கரும்புள்ளிகளை.

இலங்கைச் சிறுத்தையை இத்தீவுக்கே உரிய துணையினமாக 1956இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்தார். புலியும் சிங்கமும் இல்லாத இத்தீவில் உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்கும் ஊனுண்ணி இதுவே. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைச்சரிவுகள் வெட்டி வெளியாக்கப்பட்டபோது, காடு மலைமுகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் துண்டு துண்டாக எஞ்சியது. சிவனொளிபாதமலைக் காடுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இடைப்பட்ட நிலத்தில் சிறுத்தை பகலில் அத்துண்டுகளில் மறைந்திருந்து, கொழுந்து பறிப்போர் வீடு திரும்பிய பின் அதே தேயிலை நிரைகளினூடே நடக்கிறது.

இவ்வாறு மறைந்து வாழும் விலங்கை எண்ணுவதற்குத் தானியங்கிக் கமராக்கள் பயன்படுகின்றன. உடல் வெப்பத்தையும் அசைவையும் உணரும் கருவி பொருத்தப்பட்ட இக்கமரா, விலங்கு கடக்கும் கணத்தில் தானாகவே படமெடுக்கிறது. சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒத்திரா என்பதால், பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கமரா எதிரெதிராகக் கட்டப்படுகிறது. எல்லாச் சிறுத்தைகளும் கமராவின் முன் வந்துவிடுவதில்லை. எனவே மொத்தத் தொகை கணக்கிட்டே பெறப்படுகிறது. எடுத்துக்காட்டாக, முதற்கட்டத்தில் 12 சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டு, இரண்டாம் கட்டத்தில் பதிவான 10இல் 6 முன்பே அறியப்பட்டவையாக இருந்தால், அந்த 12 மொத்தத்தில் பத்தில் ஆறு பங்கு என்று கொண்டு, அங்கு ஏறத்தாழ 20 சிறுத்தைகள் இருக்கலாம் என மதிப்பிடுவர். இம்முறையைப் பெரும்பூனைகளின் ஆய்வுக்குக் கொண்டுவந்த முன்னோடி, கருநாடகத்தின் நாகரஹொளைக் காட்டில் புலிகளை ஆராய்ந்த உல்லாஸ் காரந்த் ஆவார். இலங்கையில் அஞ்சலி வாட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் சிறுத்தை ஆய்வைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, தேசியப் பூங்காக்களுக்கு வெளியே மலைநாட்டுத் தோட்டங்களிலும் இதை நடத்தி வருகின்றனர். படங்களோடு எச்சமும் சேகரிக்கப்படுகிறது; அதில் செரிக்காமல் எஞ்சிய மயிரை நுணுக்குக்காட்டியில் பார்த்து, உண்ணப்பட்டது மரையா, முள்ளம்பன்றியா, லயத்து நாயா என்று அறிகின்றனர்.

கருஞ்சிறுத்தை தனி இனமன்று. கருநிறமி மிகுந்து பிறந்த சிறுத்தையே அது. அதன் புள்ளிகளும் அழிந்துவிடுவதில்லை. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் அவை புலப்படும். அத்தகைய அரிய விலங்கொன்று 2020 மே 26 அன்று நல்லதண்ணிப் பகுதியின் லக்சபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிய நிலையில் மீட்கப்பட்டு, உடவளவையில் சிகிச்சை பெற்றும் மூன்று நாட்களில் இறந்தது. மலைநாட்டுச் சிறுத்தைகளை இன்று மிகுதியாகக் கொல்வது துப்பாக்கியன்று, இந்தச் சுருக்கே. மரக்கறித் தோட்டத்தைக் காக்கவோ இறைச்சிக்காகவோ காட்டுப்பன்றிக்கென வைக்கப்படும் கம்பி, வருவது எவ்விலங்கு என்று பார்ப்பதில்லை. சிக்கிய சிறுத்தை விடுபடத் திமிறும்தோறும் அது மேலும் இறுகி உள்ளுறுப்புகளைச் சிதைக்கிறது. பன்றியால் பயிரை இழப்பவருக்கு வேறு வழி காட்டாமல் சட்டத்தை மட்டும் காட்டுவது போதாது என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும்.

ஆகவே இத்துறைக்கு வருவோர் விலங்கியல் பட்டமும் புள்ளிவிபர அறிவும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் பெற்றிருப்பதோடு, லயங்களில் தமிழில் பேசிக் கேட்டறியவும் வல்லவராக இருத்தல் வேண்டும். எந்த ஓடை வழியே சிறுத்தை இறங்குகிறது, எங்கே குட்டியோடு காணப்பட்டது என்பதைக் கமராவுக்கு முன்பே அறிந்திருப்பவர்கள் அங்குள்ள தொழிலாளர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அம்மொழியும் அப்பாதைகளும் பிறப்பிலேயே வாய்த்துள்ளன. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மலையக மாணவர்கள், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் விலங்கியல் பயின்று இவ்வாய்வுக்கு வருதல் வேண்டும். பாடசாலைகள் அவர்களுக்கு இத்தொழிலை இப்போதே அறிமுகப்படுத்த வேண்டும்.