பாட்டிலில் இருக்கும் நம்பரை பார்த்தீர்களா?

கடைக்கு வரும் தடை உத்தரவு வீட்டு அலமாரிக்கு வருவது இல்லை!

மதுரை:

"அண்ணே, போன மாசம் குடுத்தீங்களே, அதே இருமல் மருந்து ஒண்ணு குடுங்க."

மதுரை மாசி வீதி ஆனாலும் சரி, மேலூர், உசிலம்பட்டி ஆனாலும் சரி, சாயங்கால நேரத்தில் மருந்து கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. டாக்டர் சீட்டு கிடையாது. பில்லும் கேட்பது இல்லை. பாட்டில் பைக்குள் போகும். பஸ் பிடிக்க ஓட்டம். வீட்டுக்கு போனதும் பிள்ளை வாயில் ஒரு மூடி மருந்து. மீதி பிரிட்ஜ் மேலே.

அந்த மீதியில்தான் ஆபத்து!

பாதி பாட்டில் விஷம்

2025-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நாடே பதறியது. மத்திய பிரதேச மாநிலம் சிந்த்வாரா பகுதியில் சளி, இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்து சிறுநீர் நின்று போனது. சிறுநீரகம் செயல் இழந்தது. 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் பலி.

மருந்தின் பெயர் "கோல்ட்ரிப்". அது தயாரானது நம்ம தமிழ்நாட்டில்தான். காஞ்சீபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா கம்பெனியில்!

அக்டோபர் 1-ந்தேதி தகவல் கிடைத்ததும் தமிழக மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகள் அங்கே புகுந்து சோதனை போட்டனர். எஸ்.ஆர்.13 என்ற பேட்ச் மருந்தை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து பார்த்தபோது, அதில் 48.6 சதவீதம் "டை எத்திலின் கிளைகால்" இருந்தது தெரிந்தது. வண்டி என்ஜினை குளிர வைக்கும் திரவத்திலும், பிரேக் ஆயிலிலும் சேர்க்கிற சரக்கு அது. மருந்தில் 0.1 சதவீதத்தை தாண்டக் கூடாது. இதில் பாதி பாட்டில் அதுதான்.

விற்பனைக்கு தடை வந்தது. கம்பெனி உரிமையாளர் கைதானார். லைசென்சு ரத்து ஆனது. கம்பெனியை மூட உத்தரவு போட்டார்கள்.

கண்ணுக்கு தெரியாது

இந்த விஷம் லேசாக தித்திக்கும். நிறம், வாசனையை வைத்து கண்டுபிடிக்க முடியாது. "காலாவதி தேதி பார்த்துத்தான் வாங்கினேன்" என்றும் தப்ப முடியாது. எஸ்.ஆர்.13 பாட்டிலில் காலாவதி 2027 ஏப்ரல் என்றே இருந்தது. நல்லதையும் கெட்டதையும் பிரித்து காட்டுவது பேட்ச் நம்பர் ஒன்றுதான்.

தடை வந்தால் கம்பெனி, மொத்த வியாபாரி, சில்லறை கடை என்று உத்தரவு இறங்கும். கடைக்காரர் சரக்கை எடுத்து வைத்து விடுவார். ஆனால் ஏற்கனவே விற்ற பாட்டில் யார் வீட்டில் இருக்கிறது? பில் போடாத கடைக்கு அது தெரியாது. "போன தடவை வாங்கின மருந்து கிடக்குல்ல, அதையே ஒரு மூடி ஊத்து தாயி" என்று அப்பத்தா சொன்னால் முடிந்தது கதை.

6 காலன் குடித்த உயிர்கள்

1937-ம் ஆண்டு அமெரிக்காவில் இதே விஷம் கலந்த மருந்து 240 காலன் தயாராகி வெளியே போனது. அதிகாரிகள் கடை கடையாக, டாக்டர் டாக்டராக, வீடு வீடாக தேடி 234 காலனை மீட்டனர். மீட்க முடியாமல் போன கொஞ்ச மருந்துதான் 100-க்கும் மேற்பட்டோரின் உயிரை குடித்தது. கடைசி பாட்டில் கைக்கு வரும் வரை ஆபத்து தீராது.

என்ன செய்ய வேண்டும்?

* மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். அதில் பேட்ச் நம்பர் இருக்கிறதா பாருங்கள்.

* மருந்துக்கு தடை என்று செய்தி வந்தால், பெயர், பேட்ச் நம்பர் இரண்டையும் வீட்டு பாட்டிலோடு ஒத்துப் பாருங்கள். நம்பர் அழிந்திருந்தால் கொடுக்கவே வேண்டாம்.

* அதே மருந்து என்றால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு கொடுக்காதீர்கள். கடையில் திருப்பி கொடுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால் டிரக் இன்ஸ்பெக்டரிடம் புகார் செய்யலாம்.

* குடித்த குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி, சிறுநீர் குறைவு இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்கு போன் போடுங்கள். மதுரையில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

* 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு சளி, இருமல் மருந்து கொடுக்கக் கூடாது என்றும், 5 வயதுக்குள் பொதுவாக அது தேவை இல்லை என்றும் மத்திய சுகாதார துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. டாக்டரை கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மிக்சி, பொம்மை, அடுப்பு எதுவானாலும் கதை இதுதான். ஆபத்தான சரக்கை வாபஸ் வாங்கவும், பணத்தை திருப்பி கொடுக்கவும் உத்தரவிட, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. புகார் சொல்ல போன் நம்பர் 1915.

கடை அலமாரியை அதிகாரி பார்ப்பார். வீட்டு அலமாரியை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இன்று ராத்திரியே பாருங்கள்!