25 சதுர மீட்டரில் ஓர் ஊரின் மகசூல்

ஊர் முழுக்க விளைந்த நெல்லை எடைபோட்டுப் பார்க்க யாராலும் முடியாது. சில வயல்களில் மட்டும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து, ஹெக்டேருக்கு எவ்வளவு என்று கணிப்பதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்கும் இது முக்கிய ஆதாரம்.

அந்தப் பயிர் சாகுபடியான புல எண்களைக் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பார்த்து, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு வயலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாலையோரம், போய்வர வசதி என்பதெல்லாம் காரணமாகக் கூடாது.

அறுவடை நாளில் வயலின் தென்மேற்கான கன்னி மூலையிலிருந்து நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளக்க வேண்டும். கட்டம் வரப்பைத் தாண்டாதபடி, 5 மீட்டருக்கு உரிய அடிகளை இரண்டிலும் கழித்துவிட்டு, மிச்சத்துக்குள் அடங்கும் இரண்டு சமவாய்ப்பு எண்களை எடுக்கிறார்கள். 31, 12 என வந்தால், நீளவாக்கில் 31 அடியும் அகலவாக்கில் 12 அடியும் நடந்து நிற்கும் இடத்தில் முதல் முளை. அங்கே பயிர் சாய்ந்திருக்கலாம், எலி வெட்டியிருக்கலாம்; சற்றுத் தள்ளிக் கதிர் முற்றிச் செழித்து நிற்கலாம். நகரவே கூடாது. இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. விவசாயிமேல் இரங்கி மோசமான இடத்துக்கு நகர்த்தினாலும் கேடுதான்: வரும் ஆண்டுகளில் இழப்பீட்டுக்கு வரம்பாகும் உத்தரவாத மகசூலை இந்த எண்களை வைத்து நிர்ணயிப்பதால், குறைத்துக் காட்டிய மகசூல் பிற்பாடு அவருக்கே எதிராகத் திரும்பும்.

மற்ற மூன்று முளைகளையும் அடித்ததும் மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். 7.07 மீட்டர் வராவிட்டால் கட்டம் கோணலாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு முளைகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தரைவரை இறக்கி, வேர் உள்ளே இருக்கும் தூர்களை மட்டும் அறுக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே சாய்ந்த கதிர் கணக்கில் சேராது.

ஓரத்துக்கு ஏன் இத்தனை கறார்? 1940-களில் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் சிறிய கட்டங்களை ஆதரித்தார். கட்டம் சிறுத்தால் ஓரத்துத் தூர்கள் உள்ளே சேர்ந்து மகசூல் மிகையாகிவிடும் என்று இன்னொரு புள்ளியியலாளரான பி. வி. சுகாத்மே களச் சோதனைகளால் காட்டினார். சுகாத்மே சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. 1 மீட்டர் கட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 4 மீட்டர் ஓரம். 5 மீட்டர் கட்டத்தில் 0.8 மீட்டர்தான்.

அறுத்ததைத் தார்ப்பாயில் போட்டு அடித்து, தூற்றி, பதர் நீக்கி எடைபோட வேண்டும். எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல். தராசில் 100 கிராம் பிசகினால் கணக்கில் 40 கிலோ பிசகும்.

அது ஈர நெல்லின் எடை. அதில் 1 கிலோவைத் தனியே எடுத்து, எடை மேலும் குறையாத அளவுக்கு உலர்த்துகிறார்கள். கட்டத்தில் 14 கிலோ கிடைத்து, அந்த 1 கிலோ 880 கிராமாகக் காய்ந்தால், 5,600 கிலோ என்று தெரிந்த மகசூல் 4,928 கிலோவாகப் பதிவேட்டில் ஏறும்.