உப்பும் இரத்தக் கொதிப்பும்

தங்கவயல் தமிழ்க் குடும்பங்களுக்குத் தாது என்னும் சொல் புதிதன்று. பாறையைப் பிளந்து பொன் தாதுவை மேலே கொணர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆயினும் நம் உடலினுள்ளும் தாதுக்கள் உள என்பதையும், அவற்றின் அளவு பிறழுமாயின் இரத்தக் கொதிப்பு மிகும் என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்நோய் பெரும்பாலும் வலி தந்து எச்சரிப்பதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ வந்து வீழ்த்திய பின்னரே அதன் இருப்பை அறிவோர் பலர்.

தாதுக்களில் முதலில் கருதற்பாலது சோடியம். நாம் உண்ணும் உப்பில் ஐந்தில் இரு பங்கு அதுவே. அது உடலில் மிகுந்தால் நீரைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். இரத்தத்தின் அளவு பெருகி, குழாய்ச் சுவர்களின்மேல் அழுத்தம் ஏறும். இதற்கு எதிராக நின்று காப்பது பொட்டாசியம். அது மிகையான சோடியத்தைச் சிறுநீரின் வழியே வெளியேற்ற உதவுகிறது. குழாய்களையும் தளரச் செய்கிறது. ஆகவே ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டுவதே அறிவுடைமை.

உப்பு நமக்கு என்றும் பகையாயிருந்ததோ எனின், இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அத்தகைய ஆழத்தின் வெப்பத்தில் உழைப்பவனது வியர்வையோடு உப்பும் வெளியேறிவிடும். வெறும் நீரை மட்டும் பருகினால் தசைகள் இழுத்துப் பிடிக்கும். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே இதனை ஆராய்ந்த மாஸ் என்பார், பருகும் நீரில் சிறிது உப்பிட்டால் அவ்வேதனை தணியும் என்று 1923-இல் எடுத்துரைத்தார். அத்தகைய உழைப்பாளிக்கு உப்பு மருந்தேயாம்.

ஆனால் 2001 பிப்ரவரி 28-இல் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று உழைத்தவர்கள் இன்று முதுமையில் ஓய்ந்திருக்கின்றனர். அவர்தம் மக்களும் பேரர்களும் ரயிலேறிப் பெங்களூர் சென்று, நிழலில் அமர்ந்து பணிபுரிகின்றனர். வியர்வை குறைந்தது, ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் குறைந்தனவா? மிக்சரும் சிப்ஸும் அவற்றோடு சேர்ந்துகொண்டன அன்றோ! நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே, உப்புக் கொள்ளவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக மக்கள் சராசரியாக உண்பதோ இதைப்போல் இரு மடங்கு!

பொட்டாசியத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. கீரை, தக்காளி, வாழைப்பழம், பயறு, இளநீர் ஆகியவற்றில் அது நிறைந்துள்ளது. கீரையை வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்த்தல் நன்று. கோலார் மண்ணில் விளையும் கேழ்வரகோ மற்றொரு செல்வம். அதன் 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியைவிட மெக்னீசியமும் மிகுதி. இவ்விரண்டும் குழாய்களின் சுருக்க விரிவுக்குத் துணைபுரிவன. பழமும் காய்கறியும் கொழுப்பு குறைந்த பாற்பொருள்களும் மிகுந்த உணவு, சில வாரங்களிலேயே அழுத்தத்தைத் தாழ்த்துவதை 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

சீனத்தின் 600 சிற்றூர்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு இன்னொரு செய்தி தருகிறது. சாதாரண உப்புக்குப் பதிலாக, நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை உண்டோரிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. எனினும், சிறுநீரக நோயுடையோர்க்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மருந்து உண்போர்க்கும் இவ்வுப்பு தீங்கு செய்யும். மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கற்க. துத்தநாகம், செம்பு, செலினியம் முதலிய நுண்தாதுக்கள் உடலுக்குத் தேவையே. ஆயினும் கொதிப்பைத் தணிக்க அவற்றின் மாத்திரைகளை விழுங்குதல் வீண் செலவு.

இல்லத்தரசியரே, குழம்பில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். சில வாரங்களில் நாவும் பழகிவிடும். முதியோரே, மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். 140-க்கு 90 என்ற எல்லையை எட்டினால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். சுரங்கத்தில் எத்தனையோ இடர்களைக் கடந்து மீண்ட குடும்பங்கள், சோற்றுத் தட்டின் உப்பால் தம் முதியோரை இழத்தல் தகுமோ?