அசையும் படங்கள் அறிவை வளர்க்குமா?

2020 மார்ச்சில் கொரோனாவால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமது வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் வந்தது. வட்ஸ்அப்பில் குறிப்புகளும் ஸூமில் பாடங்களும் வந்தன. பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்பும் இணையவழிக் கற்றல் எம்மை விட்டுப் போகவில்லை. இப்போது பல செயலிகளும் வகுப்புகளும் "அனிமேஷனுடன் கூடிய பாடங்கள்" என்று விளம்பரம் செய்கின்றன. இதற்குப் பணம் கட்டுவது பெற்றோர், நேரத்தைச் செலவிடுவது மாணவிகள். எனவே அசையும் படங்களும் அழகான திரை வடிவமைப்பும் உண்மையில் கற்றலுக்கு உதவுகின்றனவா என்று இரு சாராரும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவரது குழுவினரும் 2005இல் நான்கு பரிசோதனைகளை வெளியிட்டார்கள். மின்னல் தோன்றும் விதம், கழிவறை நீர்த்தொட்டி, கடல் அலை, வாகன பிரேக் ஆகியவையே பாடங்கள். ஒரு குழுவினர் குரல் விளக்கத்துடன் அனிமேஷன் பார்த்தனர். மற்றக் குழுவினர் அதே விளக்கத்தைத் தாளில் அச்சிட்ட படங்களுடன் வாசித்தனர். எந்தப் பாடத்திலும் அனிமேஷன் பார்த்தவர்கள் முந்தவில்லை. சிலவற்றில் தாளில் படித்தவர்களே சிறப்பாக விடையளித்தனர்.

இதற்குக் காரணம் உண்டு. எமது மனம் ஒரே நேரத்தில் ஒரு சில விடயங்களையே தாங்கும். அனிமேஷன் எமக்காகக் காத்திருப்பதில்லை. முதற்படியை விளங்கிக்கொள்வதற்குள் மூன்றாம் படி வந்துவிடும். தாளில் உள்ள படமோ அசையாது. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு என்ன நடந்திருக்கும் என்று நாமே யோசிக்கிறோம். அந்த யோசனைதான் கற்றல்.

அப்படியானால் அனிமேஷன் வீணா? இல்லை. 2007இல் ஜேர்மனிய ஆய்வாளர்களான ஹொஃப்லரும் லொய்ட்னரும் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் அசையாப் படங்களைவிட அனிமேஷனே பயன் தந்திருந்தது. முக்கியமாக, அலங்காரத்துக்காக அல்லாமல் பாடப்பொருளையே காட்டும் அனிமேஷன் அதிகம் உதவியது.

இழையுருப்பிரிவை எடுத்துக்கொள்வோம். அனுவவத்தையில் நடுவே வரிசைப்படும் நிறமூர்த்தங்கள் மேன்முகவவத்தையில் எதிர்முனைவுகளை நோக்கி இழுபடுகின்றன. இங்கே அசைவுதான் பாடம். இதை ஒருமுறை அசையக் கண்டால் புத்தகப் படம் உயிர் பெறும். ஆனால் இலக்கணப் பாடத்தில் மூலையில் ஒரு கார்ட்டூன் முயல் துள்ளினால் கண் முயலிடம் போகும், புணர்ச்சி விதி திரையில் தனித்து நிற்கும்.

படத்தை நாமே கட்டுப்படுத்த முடிந்தால் பயன் இன்னும் கூடும். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய "ஃபெட்" இதற்கு நல்ல உதாரணம். மின்கலம், மின்குமிழ், ஆளி ஆகியவற்றை நாமே இணைத்து மின்சுற்றொன்றை அமைக்கலாம். ஒன்றை மாற்றினால் என்ன நடக்கும் என்று உடனே பார்க்கலாம். இது இலவசமானது, சில பகுதிகள் தமிழிலும் உள்ளன. மறுபுறம், கான் அகடமியை உருவாக்கிய சல்மான் கான் (நடிகர் அல்ல) கருந்திரையில் வண்ணக் கோடுகளால் எழுதி, குரலால் விளக்கித்தான் உலகப் புகழ் பெற்றார். அங்கே அனிமேஷன் இல்லை, தெளிவு இருந்தது.

திரை வடிவமைப்புக்கும் இதுவே பொருந்தும். எமது வீடுகளில் பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசியைப் பலர் பகிர்ந்துகொள்கிறோம். டேட்டாவும் காசுதான். ஆகவே சிறிய திரையில் தெளிவாகத் தெரிவது, குறைந்த டேட்டாவில் திறப்பது, தரவிறக்கி வைத்துப் பிறகு படிக்க முடிவது ஆகியவையே எமக்கு நவீன வடிவமைப்பு. தமிழ் எழுத்துருவும் இதில் அடங்கும். பாமினியில் தட்டச்சுச் செய்த குறிப்பு வேர்ட் கோப்பாக வந்தால், கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பீ.டீ.எஃப். ஆக வந்தால் வாசிக்கலாம், ஆனால் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. இதை யூனிகோட்டுக்கு மாற்றுவது பத்து அனிமேஷன்களைவிட எமக்குப் பயன் தரும்.

எனவே ஒரு செயலிக்கோ வகுப்புக்கோ பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அசைவது பாடப்பொருளா, அலங்காரமா? விரும்பிய இடத்தில் நிறுத்தி மீண்டும் பார்க்க முடியுமா? பார்த்த பின் எம்மைச் சிந்தித்து விடையெழுத வைக்கிறதா?

பெற்றோருக்கும் ஓர் இலகுவான வழி உண்டு. பாடம் முடிந்ததும் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, "இப்போது பார்த்ததை வரைந்து எனக்குச் சொல்லித் தாருங்கள் மகள்" என்று கேளுங்கள். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் விளங்கும்படி மகள் சொன்னால் அந்த அனிமேஷன் தன் வேலையைச் செய்துவிட்டது. சொல்ல முடியாவிட்டால், அவள் படம் பார்த்திருக்கிறாள், பாடம் படிக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.