கரும்பலகையிலிருந்து பேறுகால அறைக்கு

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, ஓசூர்ப் பகுதி ஆசிரியை ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பதினொரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் கற்பித்தவர், வயது முப்பத்து மூன்று, கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, பிள்ளைகள் இருவர். "சாமி, பள்ளியை விட்டுப் பிரசவம் பார்க்கும் படிப்புக்குப் போகலாமென்று இருக்கிறேன்" என்றார். மாமியாரோ, "டீச்சரம்மா என்ற பெயரை விட்டு மருத்துவச்சி என்று பெயர் வாங்கவா?" என்று அழுதாராம்.

'இருப்பதை விடாதே அம்மா' என்று சொல்ல நாமும் வாயெடுத்தோம். பிறகு அந்த அழுகையின் வேர் நினைவுக்கு வந்தது. பேறு பார்ப்பதை ஒரு சாதிப் பெண்கள்மீது சுமத்தி, குழந்தையை ஏந்திய கையையே இழிவாக எண்ணிய சமுதாயம் நம்முடையது. திருச்சபையின் குறையை மட்டும் ஒளிப்பானேன்? துறவறச் சகோதரிகள் பிரசவம் பார்ப்பதற்கிருந்த தடையைத் திருப்பீடம் 1936-இல்தான் நீக்கியது.

அதற்காக உழைத்தவர் ஆஸ்திரிய நாட்டு அன்னை அன்னா டெங்கல். அவரும் முதலில் பிரான்சில் ஆசிரியையாக இருந்தவரே. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்து, இந்தியப் பெண்கள் பேறுகாலத்தில் மடிவதை அறிந்து மருத்துவம் கற்றார். 1920-இல் ராவல்பிண்டிக்கு வந்தார். 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். அச்சபையின் பாட்னா மருத்துவமனைக்குத்தான், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வகுப்பறையில் கழித்த அன்னை தெரசா, 1948-இல் செவிலியப் பணி கற்கச் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு!

நம் ஆசிரியைக்கோ அவ்வளவு அவகாசமில்லை. மகப்பேற்றுப் பயிற்சியும் அடங்கிய செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். சேர்வதற்கு உயர் வயது வரம்பு 35. பின்னர்ப் பேறுகாலத்தில் ஈராண்டு அனுபவம் பெற்றால், 2018-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, பதினெட்டு மாதத் தனிப்பயிற்சிக்கும் வழியுண்டு. அதுவரை சம்பளமின்றிக் குடும்பம் ஓட வேண்டும். ஆகவே இடம் உறுதியாகுமுன் பள்ளியை விட வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னோம்.

தேவை இருக்கிறதா என்பீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. ஆனால் நூற்றுக்கு நாற்பத்தைந்து அறுவை சிகிச்சையால். கட்டடத்திற்குக் குறைவில்லை, வலியோடு கிடப்பவளருகில் பொறுமையாக அமர்ந்து, நடப்பதை விளக்கிச் சொல்பவர்தாம் குறைவு. அதிலும் நம் எல்லைப் பகுதியில் கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை! அஞ்சிய குழந்தைக்கு அகரம் சொல்லிக் கொடுத்தவருக்கு இது புதிய வேலையா?

மாமியாரைக் கண்டபோது ஒன்றுதான் கேட்டோம்: "உங்கள் மூத்த மகனை ஏந்திய மருத்துவச்சியின் பெயர் என்ன?" நெடுநேரம் யோசித்தார். பெயர் நினைவுக்கு வரவில்லை. விடிய விடிய அவள் தம் முதுகைத் தேய்த்துவிட்டது மட்டும் நினைவிருந்தது.

விண்ணப்பம் போயிருக்கிறது. கட்டணத்திற்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.