உங்களுக்குத் தெரியுமா? டீசல் இருந்தும் இயங்காத உழவு இயந்திரம்

2022இல் இலங்கை முழுக்க டீசலுக்கு வரிசையில் நின்றோம். புதுக்குடியிருப்பு வயல்காரர் அறியவேண்டியது இது: டாங்கி ஒருமுறை வற்றினால், பிறகு நிரப்பினாலும் எஞ்சின் இயங்காமல் போகலாம். குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும்.

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் கொதிக்கும் காற்றுக்குள் டீசல் சீறிப் பாய்ந்தே பற்றுகிறது. காற்றுக்குமிழி நசுங்கிக் கொடுப்பதால் சீறலுக்கு வேண்டிய அழுத்தம் எழுவதில்லை.

அந்தக் காற்றை வெளியேற்ற, டீசல் பில்டரில் காற்றெடுக்கும் ஆணியைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வழிந்ததும் இறுக்குங்கள். பெரும்பாலும் கராச்சுக்கு இழுத்துப்போகத் தேவையிருக்காது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் புகையையும் பாருங்கள்: கறுப்பென்றால் முதலில் காற்றுப் பில்டரைக் கழற்றுங்கள், நீலமென்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது.

ஓடும் எஞ்சினின் இன்ஜெக்டர் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும்.